வக்கீலுக்கு ராணுவத்தில் என்ன வேலை? – அனிதா ஆனந்த் பற்றி

மதுரை ஜூனியர்

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் பெரியப்பா காலையிலேயே ஒன்று போட்டிருந்தார். "கனடாவின் முதல் பெண் பாதுகாப்பு அமைச்சர் ஒரு தமிழச்சி! பெருமையுடன் பகிருங்கள்!" கீழே அனிதா ஆனந்தின் படம், நாலைந்து ரோஜாப்பூ, கொடி இரண்டு. அவர் இப்போது வெளியுறவு அமைச்சர் என்பது பெரியப்பாவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

எனக்கு வந்த சந்தேகம் வேறு. நான் எட்டு வருடமாக மதுரையில் பிராக்டீஸ் செய்கிறேன். பாதி நாள் செக் பவுன்ஸ், மீதி நாள் கம்பெனி ஒப்பந்தத் தகராறு. சட்டப் பேராசிரியராக இருந்த அனிதா படித்ததும் பாடம் நடத்தியதும் என்னவென்று தேடிப் பார்த்தால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை, முதலீட்டாளர் பாதுகாப்பு, கம்பெனி நிர்வாகம். கிட்டத்தட்ட என் லைன், பத்து மாடி உயரத்தில். இப்படி ஒருவரைத் தூக்கி ராணுவத்துக்கு அமைச்சராக உட்கார வைத்தால் அங்கே என்ன செய்வார்? டாங்க் எது, பீரங்கி எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஓடிவிடாதா?

கனடாவில் இருப்பவர்கள் சொல்லுங்கள். பெருமைப் பதிவு மட்டும் வேண்டாம். அது பெரியப்பாவிடமே ஸ்டாக் இருக்கிறது.

ஓக்வில் ஓரம்

பெரியப்பாவுக்கு முதலில் இரண்டு திருத்தம் அனுப்பிவிடுங்கள். கனடாவின் முதல் பெண் பாதுகாப்பு அமைச்சர் கிம் கேம்பல். 1993 ஜனவரியில் வந்தார், ஜூனில் அங்கிருந்து நேரே பிரதமர் நாற்காலிக்குப் போனார். அவரும் வக்கீல்தான். அனிதா இரண்டாவது ஆள், 2021 அக்டோபர் 26 அன்று பதவியேற்றார். இன்னொன்று, அப்பா தமிழ்நாட்டுக்காரர், அம்மா பஞ்சாபி. இருவரும் டாக்டர்கள். அனிதா 1967இல் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் கென்ட்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். எனவே பாதித் தமிழச்சி என்று போட்டுக்கொள்ளலாம், ரோஜாவையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படிப்பு குயின்ஸில் அரசியல், ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம், டல்ஹவுசியில் மறுபடி சட்டம், டொரோண்டோவில் மேற்படிப்பு. 1994இல் ஒண்டாரியோவில் வக்கீலாகப் பதிவு செய்தார். அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் பேராசிரியர். 2019இல்தான் எங்கள் ஓக்வில் தொகுதியில் நின்று ஜெயித்தார். ஜெயித்த ஒரே மாதத்தில் அமைச்சர்: பொதுச் சேவை மற்றும் கொள்முதல். அந்தப் பதவி வந்தபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. காகிதம், கணினி, கட்டட வாடகை பார்க்கும் இலாகா என்றுதான் பேச்சு. நாலு மாதத்தில் கொரோனா வந்தது.

மார்க்கம் சந்தி

அந்த நாலு மாதத்துக்குப் பிறகு நடந்ததை நான் சொல்கிறேன், ஏனெண்டால் நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. முகக்கவசம் ஒன்றை மூன்று நாள் போட்ட காலம். 2020 ஏப்ரலில் கனடா அனுப்பிய இரண்டு விமானங்கள் சீனாவில் சரக்குக் கிடைக்காமல் வெறுமையாகத் திரும்பி வந்தன. டிவியில் அதைப் பார்த்தபோது எங்கள் மேலாளர் கதிரையில் இருந்து எழும்பி வெளியே போய்விட்டார்.

அந்த நேரம் கொள்முதலுக்குப் பொறுப்பு இவர்தான். அடுத்து தடுப்பூசி. எது பலிக்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாத நேரத்தில் ஏழு கம்பனிகளோடு ஒப்பந்தம் போட்டார். பைசர், மாடர்னா, அஸ்ட்ராசெனிகா, ஜான்சன், நோவாவாக்ஸ், சனோஃபி, மெடிகாகோ. நாட்டின் சனத்தொகைக்குப் பல மடங்கு. 2020 டிசம்பர் 14 அன்று முதல் ஊசி போட்டார்கள். பிறகு 2021 ஜனவரிக் கடைசியில் ஒரு கிழமை முழுக்க பைசர் ஒரு பெட்டிகூட அனுப்பவில்லை, பெல்ஜியம் தொழிற்சாலையில் ஏதோ மாற்று வேலை. சனம் அவவைத் திட்டித் தீர்த்தது. ஒப்பந்தத்தைக் காட்டு எண்டு எதிர்க்கட்சி கேட்டது, அவ ரகசியக் காப்பு எண்டு காட்டவில்லை. இது எனக்கு இன்றைக்கும் பிடிக்காத விஷயம். கோடையில் ஊசி வந்து குவிந்த பிறகு எல்லாரும் மறந்துபோனார்கள்.

எனவே ஜூனியர் தங்கச்சி, ஒப்பந்தம் எழுதத் தெரிந்த ஆள் எதற்கு எண்டால் இதற்குத்தான். ராணுவமும் அரைவாசி கொள்முதல்தானே.

காட்பாடி சுபேதார்

வணக்கம். 24 வருடம் இந்திய ராணுவத்தில் இருந்து வெளியே வந்தவன். எங்கள் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள், அதனால் சொல்கிறேன். ராணுவத்தில் பாதி கொள்முதல் என்பது டில்லியில் உட்கார்ந்திருப்பவர்கள் கணக்கு. யூனிட்டில் இருப்பவனுக்கு அது ஒழுங்கு, கட்டளை, நம்பிக்கை. சீருடை போடாத ஒருவர், அதிலும் கோர்ட்டுக்குப் பழகிய ஒருவர், அதைப் புரிந்துகொள்வது கஷ்டம். இது ஆண், பெண் பிரச்சினை இல்லை. என் பேத்தியே சட்டம் கடைசி வருடம், நம் ராணுவத்தின் ஜேக் பிரிவுக்கு, அதாவது ராணுவ வக்கீல்கள் பிரிவுக்குத் தயார் செய்கிறாள். அந்தப் பிரிவில் ஆணுக்கு அதிக இடம், பெண்ணுக்குக் குறைந்த இடம் என்று வைத்திருந்ததை 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் இல்லை. போகட்டும், நான்தான் ஓட்டப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன்.

ஆனால் அமைச்சர் என்பது வேறு. பட்டாளம் தெரிந்தவர் வர வேண்டும்.

கறுப்பு அங்கி

சுபேதார் ஐயா, பட்டாளம் தெரிந்தவரைத்தான் கனடாவில் முதலில் வைத்திருந்தார்கள். அனிதாவுக்கு முன்னால் ஆறு வருடம் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஹர்ஜித் சஜ்ஜன். ரிசர்வ் படையில் லெப்டினென்ட் கர்னல், ஆப்கானிஸ்தானில் பணி செய்தவர், அதற்கு முன் போலீஸ் துப்பறிவாளர். இதைவிட என்ன தகுதி வேண்டும்? அவர் காலத்தில்தான் வீடு பற்றி எரிந்தது.

2021 பிப்ரவரியில் ஓய்வுபெற்ற படைத் தலைமைத் தளபதி ஜொனாதன் வான்ஸ் மீது தகாத நடத்தைப் புகார் வெளியே வந்தது. அவருக்கு அடுத்து வந்த அட்மிரல் ஆர்ட் மெக்டொனால்ட் பதவியேற்று ஆறே வாரத்தில் விசாரணை என்று ஒதுங்கினார். வான்ஸ் பற்றிய புகாரை 2018லேயே அமைச்சரிடம் கொண்டுபோனேன், அவர் காகிதத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார் என்று ராணுவக் குறைதீர்ப்பாளராக இருந்த கேரி வால்போர்ன் நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொன்னார். விசாரணையில் அரசியல்வாதி தலையிடக் கூடாது என்பதால்தான் பார்க்கவில்லை என்பது சஜ்ஜன் தரப்பு. வான்ஸ் 2022 மார்ச்சில் நீதிக்கு இடையூறு செய்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. படைக்குள் பாலியல் அத்துமீறலை ஒழிக்க 2015இல் "ஆபரேஷன் ஹானர்" என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். தொடங்கியவர் வான்ஸ். முகாம்களில் அந்தப் பெயரையே ஒலியை வளைத்து ஆபாசக் கேலியாக்கிவிட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் கம்பெனிச் சட்டப் பேராசிரியர் உள்ளே வருகிறார். ஒரு கம்பெனியின் தலைவரே குற்றம் சாட்டப்பட்டால், அந்தத் தலைவருக்குக் கீழே இருக்கும் ஆட்களே விசாரித்தால் என்ன ஆகும் என்பதுதானே கம்பெனி நிர்வாகம் என்ற பாடத்தின் முதல் அத்தியாயம்.

மதுரை ஜூனியர்

அட. இப்போதுதான் கொஞ்சம் பிடி கிடைக்கிறது. அங்கி சார், அவர் வந்து செய்தது என்ன? "கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" வகையா, இல்லை உருப்படியாக ஏதாவதா?

கறுப்பு அங்கி

நீளமாக எழுதப் போகிறேன், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

கனடாவில் ராணுவத்துக்கான சட்டத்தின் பெயரைத் தமிழில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஊரில் அந்தப் பெயரில் ஆளை உள்ளே தூக்கிப் போடுவார்களே, அது இல்லை. இது நம் ராணுவச் சட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதில் 70ஆம் பிரிவு, கனடா மண்ணில் நடந்தால் எந்தெந்தக் குற்றத்தை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்று பட்டியல் போடுகிறது. கொலை அதில் இருக்கிறது. பாலியல் தாக்குதலும் அதில் இருந்தது, 1998 வரைக்கும். அந்த வருடத் திருத்தத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரு முகாமுக்குள் நடக்கும் பாலியல் குற்றத்தை ராணுவப் போலீஸே விசாரித்து, ராணுவ வக்கீலே வழக்கு நடத்தி, ராணுவ நீதிபதியே தீர்ப்புச் சொல்லலாம் என்றானது. எல்லோர் தோளிலும் சீருடைப் பட்டை.

2015இல் மரி டெஷாம்ப் என்ற முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஓர் அறிக்கை கொடுத்தார். 2021இல் மோரிஸ் ஃபிஷ், அவரும் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி, இன்னொன்று. அதே வருடம் லூயீஸ் ஆர்பர், மூன்றாவது முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி, ஆய்வைத் தொடங்கினார். அக்டோபர் 20 அன்று அவர் அமைச்சருக்கு ஓர் இடைக்காலப் பரிந்துரை அனுப்பினார்: பாலியல் குற்ற வழக்குகளை வெளிப் போலீஸிடமும் வெளி நீதிமன்றத்திடமும் கொடுத்துவிடுங்கள், முழு அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆறு நாள் கழித்து அமைச்சர் மாறுகிறார். நாற்காலியில் உட்கார்ந்து பத்து நாள்கூட ஆகாத அனிதா, நவம்பர் 4 அன்று அதை அப்படியே ஏற்றுக்கொண்டதாக அறிவித்தார். டிசம்பர் 13 அன்று தளபதி வேய்ன் ஐரையும் துணை அமைச்சரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2022 மே 30 அன்று ஆர்பரின் முழு அறிக்கை வந்தது, 48 பரிந்துரைகள். அந்த டிசம்பரில் நாடாளுமன்றத்தில் எல்லாவற்றின் மேலும் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டதாக எழுத்தில் தாக்கல் செய்தார். அதைக் கண்காணிக்க வெளியாள் ஒருவரையும் நியமித்தார்.

ஆக, வக்கீல் செய்யும் வேலையைத்தான் செய்தார். அதிகார வரம்பு யாருடையது என்று கேட்டார், எழுத்தில் போட்டார், தேதி வைத்தார்.

காட்பாடி சுபேதார்

70ஆம் பிரிவு என்றதும் சந்தேகம் வந்து பேத்தியின் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நம் 1950 ராணுவச் சட்டத்திலும் இதே விஷயம் 70ஆம் பிரிவில்தான் இருக்கிறது! ராணுவச் சட்டத்துக்கு உட்படாத ஒருவரைக் கொன்றாலோ பலாத்காரம் செய்தாலோ கோர்ட் மார்ஷல் கிடையாது, வெளி நீதிமன்றம்தான். போர்ப் பணி, வெளிநாடு, எல்லைக் காவல்நிலை என்றால் விதிவிலக்கு. எண் ஒன்றாக இருப்பது எப்படியோ.

ஆனால் பாருங்கள், நம் சட்டம் வெளியாளுக்குச் செய்த குற்றத்தைப் பற்றித்தான் சொல்கிறது. பாதிக்கப்பட்டவரும் சீருடையில் இருந்தால் அது வேறு கதை. அதை நான் இதுவரை யோசித்ததே இல்லை.

இருந்தாலும் என் கேள்வி நிற்கிறது. கப்பலில் நடந்தால்? லாட்வியாவில் அவர்கள் படை இருக்கிறதே, அங்கே நடந்தால்? வெளிப் போலீஸ் எங்கே வரும்? அப்புறம் ஜெனரல் ஃபோர்டின் கதை. தடுப்பூசியை நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தவர். பழைய புகார் ஒன்று வந்ததும் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். 2022 டிசம்பரில் வெளி நீதிமன்றமே அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. போன பெயர் வந்ததா?

கறுப்பு அங்கி

நியாயமான கேள்விகள். வெளிநாட்டில் நடந்தால் ராணுவப் போலீஸ் இருந்துதான் ஆக வேண்டும், அதை ஆர்பரும் மறுக்கவில்லை. பேச்சு கனடா மண்ணில் நடப்பதைப் பற்றி. ஃபோர்டின் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. ஆனால் அவரை விடுவித்தது வெளி நீதிமன்றம் என்பதால்தான் அந்த விடுதலைக்கு மதிப்பு. ராணுவ நீதிமன்றம் ஒரு மேஜர் ஜெனரலை விடுவித்திருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்?

பனிக்காலம்

நான் பொதுவாக இங்கே வாசிக்க மட்டும்தான் வருவேன். என் தங்கை மூன்று வருடம் ரிசர்வ் படையில் இருந்தாள், அதனால் எழுதுகிறேன். எந்த யூனிட் என்று சொல்ல மாட்டேன்.

சட்டப் பிரிவு, அறிக்கை எல்லாம் சரி. அங்கே "தெரிந்தால் கட்டாயம் மேலே சொல்ல வேண்டும்" என்று ஒரு விதி இருந்தது. கேட்க நல்ல விதி. தங்கையோடு பயிற்சியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் ஒருநாள் இரவு, துணி மடித்துக்கொண்டே, தனக்கு நடந்த ஒன்றைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்றுதான் சொன்னாள். தங்கைக்கு அன்று இரவு தூக்கமில்லை. சொல்லாவிட்டால் இவள் மேல் ஒழுங்கு நடவடிக்கை. சொன்னால் அவளுக்கு இஷ்டமில்லாமல் விசாரணை. கடைசியில் சொன்னாள். அந்தப் பெண் அதற்குப் பிறகு இவளோடு பேசவே இல்லை, சாப்பாட்டு வரிசையில் பின்னால் நின்றால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போவாளாம். புகார் என்ன ஆனது என்று இருவருக்குமே யாரும் சொல்லவில்லை.

ஆர்பரின் 48இல் ஒன்று இந்த விதியை எடுத்துவிடச் சொன்னது. அந்த வரியைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "ஒருத்தருக்காவது தெரிந்திருக்கிறதே" என்றாள். அவ்வளவுதான். அவள் அதற்கு முன்பே விலகியிருந்தாள்.

மார்க்கம் சந்தி

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கோ.

ஆர்பர் எண்டதும் எங்களுக்கு வேறொரு நினைவு. 2007 அக்டோபரில் ஐ.நா. மனித உரிமை ஆணையராக இலங்கைக்கு வந்தவர், யாழ்ப்பாணமும் போனவர். ஐ.நா.வின் கண்காணிப்பாளர்கள் நாட்டுக்குள் இருக்கவேணும் எண்டு கேட்டார். அரசாங்கம் மாட்டன் எண்டது. பிறகு என்ன நடந்தது எண்டு எழுதத் தேவையில்லை. அதுக்கும் முந்தி ஒரு காலம் யூகோஸ்லாவியா தீர்ப்பாயத்தில் வழக்குத்தொடுநர், பதவியில் இருந்த அதிபர் மிலோசெவிச் மீதே 1999இல் குற்றப்பத்திரம் போட்டவர். அப்படிப்பட்ட மனுஷி எழுதின அறிக்கையை ஏற்கமாட்டன் எண்டு சொல்ல எந்த அமைச்சருக்கும் துணிவு வராது. அனிதா ஏற்றுக்கொண்டதைப் பெரிய வீரம் எண்டு நான் சொல்லமாட்டன்.

ஓக்வில் ஓரம்

இதில் மார்க்கம் சந்தியோடு நான் ஒத்துப்போவதற்கு வேறு காரணம் இருக்கிறது. எங்கள் தொகுதி எம்.பி., நல்லவர், பாராட்டுகிறேன். ஆனால் ஏற்றுக்கொண்டதற்கும் சட்டமானதற்கும் நடுவில் என்ன ஆனது?

1991 ஆகஸ்டில் கனடா உச்ச நீதிமன்றம், பாலியல் வழக்குகளில் பெண்ணின் பழைய வாழ்க்கையைக் கிளறக் கூடாது என்ற சட்டப் பிரிவை ரத்து செய்தது. அப்போது நீதி அமைச்சர் கிம் கேம்பல். பெண்கள் அமைப்புகளை உட்கார வைத்துப் பேசி, சம்மதம் என்றால் என்ன என்ற வரையறையையும் சேர்த்து, 1992 கோடைக்குள் புதுச் சட்டத்தையே நிறைவேற்றிவிட்டார். ஒரு வருடம்கூட இல்லை.

அனிதா 2021 நவம்பரில் வழக்குகள் வெளியே போகும் என்றார். சட்டம் மாறாமல் வெறும் ஏற்பாட்டில்தான் அது நடந்தது. ராணுவப் போலீஸும் ராணுவ வழக்குத்தொடுநரும் சம்மதித்தார்கள், வெளிப் போலீஸ் சில இடங்களில் எங்களுக்கு ஆள் இல்லை, பணம் இல்லை என்று தயங்கியது. 2023 ஜூலை 26 அன்று அவரைப் பாதுகாப்பிலிருந்து எடுத்துக் கருவூல வாரியத்துக்கு அனுப்பினார்கள். அதுவரை 70ஆம் பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அடுத்த அமைச்சர் பில் பிளேர் 2024 மார்ச்சில் சி-66 மசோதாவைக் கொண்டுவந்தார். 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்தபோது அது செத்தது. 2025 செப்டம்பரில் சி-11 என்று புது எண்ணோடு மறுபடி முதலிலிருந்து.

ஏற்பாட்டில் நடப்பதை அடுத்து வருபவர் ஏற்பாட்டிலேயே நிறுத்தலாம். இது ஒரு சட்டப் பேராசிரியருக்குத் தெரியாதா?

கறுப்பு அங்கி

தெரியாமலா? ஆனால் இரண்டு விஷயம். கேம்பல் கையில் பெரும்பான்மை அரசு இருந்தது. அனிதா இருந்தது சிறுபான்மை அரசு. இன்னொன்று, அமைச்சர் ராணுவத்தில் நினைத்ததை எல்லாம் நேரடியாக உத்தரவு போட முடியாது. அதே சட்டம், படைகளுக்கான கட்டளை எல்லாம் தலைமைத் தளபதி வழியாகத்தான் போக வேண்டும் என்கிறது. ராணுவ நீதி நிர்வாகத்தின் மேற்பார்வை, ராணுவத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் கையில். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ஜெனவீவ் பெர்னாச்சே, அதில் முதல் பெண், 2017இலிருந்து. யோசித்துப் பாருங்கள்: அறிக்கை எழுதியவர் ஒரு பெண் வக்கீல், அதை வாங்கிய அமைச்சர் ஒரு பெண் வக்கீல், எந்த அமைப்பின் கையிலிருந்து வழக்கைப் பிடுங்குகிறார்களோ அதன் தலைமையிலும் ஒரு பெண் வக்கீல்.

ஆனாலும் ஓக்வில் சொன்னதில் வலு இருக்கிறது. ஏழு கம்பெனியோடு சில மாதத்தில் ஒப்பந்தம் எழுதியவருக்கு, ஒரு பட்டியலில் ஒரு சொல்லைத் திரும்பச் சேர்க்கும் மசோதாவை இரண்டு வருடத்தில் வைக்க முடியவில்லை. பாதி வேலையில் இலாகாவை மாற்றிய அப்போதைய பிரதமர் ட்ரூடோவுக்கும் இதில் பங்குண்டு என்று நான் நினைக்கிறேன். அந்த மாற்றத்தைப் பலரும் பதவி இறக்கம் என்றுதான் பேசினார்கள். வருங்காலத் தலைவர் என்று பெயர் அடிபட்டதால் ஓரங்கட்டினார்கள் என்றும் பேச்சு ஓடியது. பேச்சுதான்.

மதுரை ஜூனியர்

கேம்பலுக்கும் இவருக்கும் வேறு ஒற்றுமை ஏதாவது உண்டா? இரண்டே பெண்கள், இருவரும் வக்கீல் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஓக்வில் ஓரம்

உண்டு, பறக்கும் விஷயத்தில். கேம்பல் தலையில் விழுந்தது இ.எச்.-101 ஹெலிகாப்டர் கொள்முதல். பனிப்போர் முடிந்த நேரத்தில் இவ்வளவு விலையா என்று 1993 தேர்தலில் அதையே வைத்து அடித்தார்கள். ஜெயித்துப் பிரதமரான கிரெட்டியென் முதல் வேலையாக ஒப்பந்தத்தை ரத்து செய்தார், ரத்துக்கே அரசாங்கம் கிட்டத்தட்ட 48 கோடி டாலர் கட்டியது. போதாததற்கு கேம்பல் அமைச்சராக இருந்த 1993 மார்ச்சில்தான் சோமாலியாவில் கனடியச் சிப்பாய்கள் ஷிடேன் அரோன் என்ற பையனைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அந்த விவகாரத்தில் ஒரு ரெஜிமென்டையே பின்னால் கலைத்தார்கள்.

அனிதாவுக்கு வாய்த்தது எஃப்-35 போர் விமானம். 2010இல் கன்சர்வேட்டிவ் அரசு 65 வாங்கப் போகிறோம் என்றது. 2015 தேர்தலில் ட்ரூடோ, எஃப்-35 வாங்கவே மாட்டோம் என்று ஊர் ஊராகச் சொன்னார். 2023 ஜனவரி 9 அன்று அதே ட்ரூடோவின் அமைச்சர் அனிதா, 88 எஃப்-35 வாங்குகிறோம், 1,900 கோடி டாலர் என்று அறிவித்தார். கட்சி விழுங்கிய வாக்குறுதியை முகம் மாறாமல் வாசிப்பதற்கும் கோர்ட் அனுபவம் உதவுமோ என்னவோ. 2025இல் கார்னி பிரதமராக வந்ததும் அந்தக் கொள்முதலை மறுபடி பரிசீலனைக்கு அனுப்பினார்கள். கனடாவில் போர் விமானம் வாங்குவது நம் ஊரில் கோயில் நிலத் தகராறு மாதிரி, பேரன் காலத்தில் வாய்தா வரும்.

மார்க்கம் சந்தி

யூகான் மறந்துபோச்சோ? 2023 பெப்ரவரி 11. அமெரிக்கா சீன பலூனைச் சுட்ட கையோடு, கனடாவின் வடமேற்கில் இருக்கும் யூகானுக்கு மேலே இன்னொரு பொருள். அமெரிக்க எஃப்-22 ஒன்று கனடா வானத்தில் சுட்டு விழுத்தியது. அண்டைக்கு இரவு இவதான் ஊடகங்களுக்கு முன்னால் வந்து சிறியது, உருளை வடிவம், ஏறக்குறைய 40,000 அடி உயரம் எண்டு சொன்னா. சீனாவினதோ எண்டு திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தெரியாததைச் சொல்லாமலே அரை மணித்தியாலம் பதில் சொன்னா. என்ர மனுசி "இவ குறுக்கு விசாரணைக்கு நல்லாப் பழகின ஆள்" எண்டா. துண்டுகூடக் கிடைக்காமல் தேடுதலைக் கைவிட்டார்கள்.

உக்ரைனுக்கு லெபர்ட் டாங்கிகளும் இவ காலத்தில்தான் போனது, முதலில் நாலு, பிறகு இன்னும் நாலு. சுபேதார் ஐயா கேட்டால் எட்டு டாங்கியை வைத்து என்ன செய்வது என்பார்.

காட்பாடி சுபேதார்

ஒரு ஸ்குவாட்ரனுக்கே காணாது. ஆனால் இருப்பதைக் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அமைச்சர் பட்டாளம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று எழுதினேன். சஜ்ஜன் விஷயம் எனக்குத் தெரியாது. கர்னலாக இருந்தவருக்கு ஜெனரலைப் பற்றிய புகாரைக் கையில் வாங்கக் கூச்சம் இருந்திருக்கும். எங்கள் யூனிட்டில் எனக்கே இருந்திருக்கும். அந்தக் கூச்சம் இல்லாத ஆள் வந்தது நல்லதுதான், இதை இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி ஒழுங்கு விஷயத்தில் என் கருத்து என் கருத்துதான்.

பனிக்காலம் அம்மா, உங்கள் தங்கை செய்தது சரி. அந்தப் பெண் பேசாமல் போனதும் சரி.

பனிக்காலம்

நன்றி ஐயா. அப்படியே அவளுக்கு அனுப்பினேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2021இல் படைக்குள் நடத்தையும் பண்பாடும் பார்ப்பதற்கென்று ஒரு பதவி உண்டாக்கி, ஜெனி கரினியான் என்ற பெண் ஜெனரலை அதில் வைத்தார்கள். அனிதாவின் காலம் முழுக்க அந்தப் பணியில் இருந்தது அவர்தான். 2024 ஜூலையில் அவரே நாட்டின் தலைமைத் தளபதியானார், முதல் பெண். தங்கை அதைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். திரும்பச் சேரப் போகிறாயா என்று கேட்டேன். "நல்லதைப் பேசிக்கொண்டிருக்கும்போது அது ஏன் அக்கா" என்று போனை வைத்துவிட்டாள்.

மதுரை ஜூனியர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து, ரோஜாப்பூ இல்லாமல், ஆறு வரியில் ஒரு திருத்தம் எழுதிக் குழுவில் போட்டேன். முதல் பெண் கேம்பல், இவர் இரண்டாவது. அப்பா மட்டும் தமிழ்நாடு. 2023இலேயே பாதுகாப்பிலிருந்து மாறி, கருவூலம், போக்குவரத்து, தொழில் என்று சுற்றி 2025 மே மாதம் வெளியுறவுக்கு வந்தார், பகவத் கீதையில் கைவைத்துப் பதவியேற்றார். அந்த வருட ஜனவரியில்தான் தேர்தலில் நிற்க மாட்டேன் என்று அறிவித்து, மார்ச்சில் மனம் மாறித் திரும்பி வந்திருந்தார். 70ஆம் பிரிவையும் ஒரு வரியில் சொன்னேன். அதற்குத்தான் அரை மணி நேரம் ஆனது.

பெரியப்பா பத்து நிமிடத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இன்று காலை வேறொரு குழுவிலிருந்து அதே படம் எனக்கே திரும்பி வந்தது. தலைப்பு மட்டும் திருத்தப்பட்டிருந்தது: "கனடாவின் இரண்டாவது முதல் பெண் பாதுகாப்பு அமைச்சர்."